சிவப்பில் நின்ற கிளிப்

மூன்றாம் வகுப்பு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'கட் டீச்சர்'. சினிமா எடுப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் கட் செய்வது இன்டர்வெல்லை. பதினெட்டு வருஷ வேலையில் ஒரு பிள்ளையின் காதைத் திருகியதுகூட இல்லை. கையை ஓங்கினால் அவருக்கே அழுகை வந்துவிடும். அதற்காக முப்பத்தெட்டு வாண்டுகளை வெறும் வாயால் மேய்த்துவிட முடியுமா? ஆடிக் கறக்கிற மாட்டை ஆடித்தானே கறக்க வேண்டும்! அதற்குத்தான் அந்த அட்டை.

மேஜைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு நீள அட்டை. மேலே பச்சை, நடுவில் மஞ்சள், அடியில் சிவப்பு. துணி காயப்போடும் கிளிப் ஆளுக்கொன்று, அதில் அவரவர் பெயர். காலையில் எல்லாக் கிளிப்பும் பச்சையில் இருக்கும். சேட்டை செய்தால் மஞ்சளுக்கு இறங்கும், மறுபடியும் செய்தால் சிவப்பு. இன்டர்வெல் மணி அடிக்கும்போது யார் கிளிப் சிவப்பில் இருக்கிறதோ, அவருக்குப் பதினைந்து நிமிஷ இன்டர்வெல்லும் வகுப்புக்குள்தான். இன்டர்வெல்லுக்குப் பிறகு சிவப்பில் விழுந்தால் மறுநாள் இன்டர்வெல் போச்சு.

பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டுப் போகிற ஆளில்லை டீச்சர். தானும் கூடவே உட்கார்ந்து நோட்டுத் திருத்துவார். டப்பாவிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து உரித்து, பாதியைப் பேசாமல் அந்தப் பக்கம் நகர்த்துவார். கரும்பு தின்னக் கூலி வேறு! இப்படி ஒரு தண்டனை எந்தப் பள்ளியில் உண்டு?

வருஷத்தின் நடுவில் ஒரு சிறுமி வந்து சேர்ந்தாள். வகுப்பு அவளுக்கு 'புதுசு' என்று பெயர் வைத்தது. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளை. அவள் கிளிப்தான் மூன்று வாரமாக நாள் தவறாமல் சிவப்பில் கிடந்தது. என்ன தப்பு செய்தாள் என்று டீச்சருக்கு ஞாபகமே வராது. முப்பத்தெட்டுப் பேரின் கூச்சலில் எதைத்தான் நினைவில் வைப்பது? அட்டை பொய் சொல்லாது என்று விட்டுவிட்டார்.

ஒரு நாள் கீழே விழுந்த சாக்பீஸை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. நோட்டை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பிய புதுசு, போகிற போக்கில் தன் கிளிப்பைத் தானே பிடுங்கிச் சிவப்பில் மாட்டினாள். டீச்சர் பாடத்தைத் தொடர்ந்தார். மணி அடித்து வகுப்பு காலியான பிறகு அவளைக் கூப்பிட்டார்.

"உன் கிளிப்ப யாரும்மா கீழ இறக்குனது?"

அவள் திருதிருவென விழித்தாள். "தானா இறங்கிடுச்சு, டீச்சர்."

"அதுக்கென்ன காலா முளைச்சிருக்கு?"

சிரிப்பாள் என்று பார்த்தால், அவள் கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது.

"வெளிய எல்லாரும் ஏற்கெனவே ஜோடி ஜோடியா இருக்காங்க, டீச்சர். நான் மட்டும் சுவத்துக்கிட்ட நிக்கணும். உள்ள இருந்தா பனிஷ்மென்டுன்னு நினைச்சுப்பாங்க. அங்க நின்னா எனக்கு யாருமே இல்லன்னு நினைச்சுப்பாங்க."

டீச்சருக்குச் சுருக்கென்று தைத்தது. ஏன் தைக்காது? கணக்கு டீச்சர் என்று அவருக்கு ஒரு சிநேகிதி இருந்தார். அவர் வேறு பள்ளிக்கு மாறிப்போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஸ்டாஃப் ரூமில் மற்றவர்கள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து பேசுவார்கள். இவருக்கு எங்கே உட்காருவது என்று தெரியாது. "பிள்ளைக்கு கட் குடுத்திருக்கேன், உள்ள இருக்கு" என்று சொல்லிவிட்டு வகுப்புக்கே திரும்பிவிடுவார். யோசித்துப் பார்த்தால், அந்த இரண்டு வருஷத்தில் ஒரு நாளாவது சிவப்பு காலியாக இருந்ததா? இல்லவே இல்லை. கொட்டாவி விட்டதற்கெல்லாம் கிளிப்பை இறக்கியிருக்கிறார். எத்தனை பிள்ளைகளின் விளையாட்டைப் பிடுங்கித் தனக்குத் துணை தேடிக்கொண்டோம் என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது.

ஆரஞ்சை உரித்து இரண்டாகப் பிய்த்தார்.

"இந்தா, இது உனக்கு, இது எனக்கு. நீ மைதானத்துக்குப் போ, நான் ஸ்டாஃப் ரூமுக்குப் போறேன். ரெண்டு பேரும் யார்கிட்டயாவது இதக் குடுக்கணும். திரும்பி வந்து, யாரு என்ன பேசுனாங்கன்னு சொல்லணும். சரியா?"

"உங்களுக்கும் பயமா, டீச்சர்?"

"பின்ன? எனக்கு மட்டும் என்ன, இரும்பு நெஞ்சா?"

ஸ்டாஃப் ரூம் வாசலில் அவர் தயங்கி நின்றதைப் பார்த்துத் தையல் டீச்சர்தான் முதலில் வாய் திறந்தார். "அடடே, இன்னைக்கு மழைதான்! வாங்க, வாங்க." தன் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியைக் காலி செய்தார். பிறகு ஆரஞ்சு புளிக்கிறது என்று குறையும் சொன்னார். இவருக்கு அதுகூட இனித்தது.

புதுசுக்கு அப்படி அமையவில்லை. நசுங்கிய சுளைகளோடு திரும்பி வந்தாள். "யாரும் பேசல, டீச்சர்." மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் மைதானத்தில் ஸ்கிப்பிங் கயிறு குதிக்கிறவர்களில் ஒருத்தி ஒரு சுளையை மட்டும் வாங்கிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் போய்விட்டாளாம். 'போகச் சொன்னது தப்போ?' என்று டீச்சர் இரவெல்லாம் புரண்டார்.

நான்காம் நாள் இன்டர்வெல் முடிந்து மணி அடித்தது. தையல் டீச்சர் தன் மருமகளைப் பற்றிச் சொன்ன முழுக்கதையையும் நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு டீச்சர் காத்திருந்தார். புதுசு வந்தாள். ஒரு பக்கப் பின்னல் அவிழ்ந்து, முகமெல்லாம் வேர்வை. பின்னால் வந்தவளிடம் திரும்பி, "நாப்பத்திரெண்டுதாண்டி, நான் எண்ணுனேன்!" என்று கத்திக்கொண்டே டீச்சரைக் கடந்து போனாள். நின்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மருமகள் கதை டீச்சரின் நாக்கு நுனியிலேயே நின்றுவிட்டது. சந்தோஷம்தான், கொஞ்சம் வலியும் இருந்தது.

பாடம் ஆரம்பித்தும், கயிறு குதித்தது நாற்பத்திரண்டா நாற்பத்தொன்றா என்ற வழக்கு ஓயவில்லை. டீச்சர் போய்ப் புதுசின் கிளிப்பை மஞ்சளில் மாட்டினார். அவள் உண்மையாகவே சம்பாதித்த முதல் மஞ்சள்! அப்போதும் பேச்சு நிற்கவில்லை. டீச்சரின் கை மறுபடியும் கிளிப்பிடம் போனது.

புதுசு பதறிப்போய் எழுந்தாள். "டீச்சர், டீச்சர், ப்ளீஸ்! சிவப்பு மட்டும் வேணாம், டீச்சர். நாளைக்கு என் முறை!"

கை அப்படியே நின்றது. "அப்போ வாய மூடிட்டு உக்காரு" என்று சொல்லிவிட்டு, டீச்சர் சட்டென்று போர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று மாலை எல்லோரும் போன பிறகு, அட்டையின் அடிப்பக்கச் சிவப்பைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். மறுநாள் இரண்டு ஆரஞ்சு கொண்டுவந்தார். ஸ்டாஃப் ரூமில் ஒன்று போதவில்லை.