இன்ஷிராஹ் எழுதிய பெயர்

எகிப்தில் சோஹாக் பக்கத்துக் கரும்புக்காட்டு ஊர்களில் இன்ஷிராஹைத் தெரியாத பெண் கிடையாது. சுகாதார நிலையத்து நர்ஸ். அங்கே எல்லாச் சிறுமிகளுக்கும் நடப்பதுபோல அவளுக்கும் ஒன்பது வயதில் ஊர் நாவிதர் சடங்கென்று பெண்ணுறுப்பில் வெட்டிவிட்டார். முதல் பிரசவத்தில் அந்தத் தழும்பு விரிந்து கொடுக்கவில்லை. இரண்டு நாள் துடித்தாள். ரத்தம் நிற்காமல் போனது. குழந்தை தங்கவில்லை. அவளையாவது பிழைக்க வைத்தவர் டாக்டர் ஃபத்ஹல்லா.

"இது விதி இல்லம்மா. அந்தக் கத்தி பண்ணின வேலை" என்றார்.

அதுவரை யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. பல்கலைக்கழகத்தார் இதைப் பற்றி ஆய்வு தொடங்கி, அந்த வட்டாரத்தை டாக்டரிடம் ஒப்படைத்தபோது, வீடு வீடாகப் போக இன்ஷிராஹ் முதல் ஆளாக முன்வந்தாள். ஆறு வருஷம் நடந்தாள். சிறுநீர் போகும்போது எரிச்சல், மாதவிலக்கில் உயிர் போகும் வலி, புருஷன் தொட்டாலே நடுக்கம். பெண்கள் வாய்விட்டுச் சொன்னதையெல்லாம் எழுதினாள். அழுக்குக் கத்தி, சீழ், ஜன்னி என்று தாய்மார்களிடம் எடுத்துச் சொன்னாள். நாவிதர் வீட்டுக்குப் போகிறவர்கள் குறைந்தார்கள். கூட்டங்களில் டாக்டர் அவளைக் காட்டி, "என் வலது கை" என்பார்.

இரண்டாம் சுற்றுக் கணக்கெடுப்பில்தான் அது வெளிப்பட்டது. ரொட்டி மாவைப் பொங்குவதற்காக வெயிலில் வைத்துக்கொண்டிருந்த ஒரு தாயிடம், "மகளுக்கு யாரு பண்ணினது?" என்று கேட்டாள்.

"நாவிதர்கிட்ட எல்லாம் போகலக்கா. அழுக்குக் கத்தின்னு நீதானே சொன்னே? அதான் டாக்டர்கிட்டயே கூட்டிட்டுப் போனோம்."

"எந்த டாக்டர்?"

"நல்லாக் கேட்டே போ! உன் டாக்டர்தான்."

வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தாள். அந்த வாரம் முடிவதற்குள் பதினோரு வீட்டில் அதே பேரைச் சொன்னார்கள். வியாழக்கிழமைதோறும் சாயங்காலம், அவருடைய சொந்த கிளினிக்கில்.

தங்கை வஹீபா வீட்டுக்குப் போனபோது அவள் மகள், பத்து வயது ரிஹாம், கால்களை ஒடுக்கிக்கொண்டு படுத்திருந்தாள். காய்ச்சல் என்றாள் வஹீபா. இன்ஷிராஹ் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். மேற்கொண்டு கேட்க ஒன்றுமில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேடி!"

"உனக்குத் தெரியும்னு டாக்டர்தான் சொன்னாரு. 'இன்ஷிராஹ் சம்மதம்தான், வெளியே சொல்லமாட்டா'ன்னாரு. நானும் நம்பினேன்."

நேராக டாக்டரிடம் போனாள். அவர் பதறவே இல்லை. தேநீர் வரவழைத்தார்.

"நான் மாட்டேன்னா அவங்க மறுபடியும் நாவிதர்கிட்ட போவாங்க. நான் மரத்துப்போக ஊசி போட்டு, கொஞ்சமாத்தான் எடுக்கறேன்."

"பிரசவத்துல அதுவும் கொஞ்சமாத்தான் கிழியுமா, டாக்டர்?"

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "படிவத்துல 'யாரு பண்ணினது'ங்கற கேள்விக்கு 'தெரியாது'ன்னு போட்டுடு. நீ யாரால உயிரோட இருக்கேன்னு மறந்துடாதே."

தேநீரைத் தொடாமல் எழுந்தாள். ஆய்வுப் படிவங்களில் உள்ளதை உள்ளபடி எழுதி நேராகப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினாள். ஆனால் பெண்கள் நம்பிச் சொன்னதை வைத்து அவர்களைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. புகார் கொடுக்க அவள் கையில் இருந்தது ஒரே ஒரு பிள்ளைதான். சட்டப்படி பெற்றவர்களும் குற்றவாளிகள் என்பது தெரிந்தே போலீசில் ரிஹாமின் பேரை எழுதிக்கொடுத்தாள்.

"கூடப் பிறந்தவளா நீ? துரோகி!" வாசலில் நின்று கத்தினாள் வஹீபா. "என் வீட்டுக்காரரைக் கோர்ட்டுல நிறுத்திட்டியே!"

வழக்கு ஒன்றரை வருஷம் இழுத்தது. டாக்டருக்குச் சிறை, கிளினிக்குக்கு சீல். வஹீபாவின் கணவனைக் கண்டித்து அனுப்பிவிட்டார்கள். இன்ஷிராஹை ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சுகாதார நிலையத்துக்கு மாற்றினார்கள். பழைய ஊரில் அவளைக் கண்டால் கதவைச் சாத்தினார்கள்.

புதிய இடத்தில் அவள் பேச்சு மாறியது. அழுக்குக் கத்தியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. "யாரு கையால வெட்டினாலும் வெட்டுதான். நல்லா இருக்கற பிள்ளைகிட்ட எடுக்கறதுக்கு என்ன இருக்கு?" என்பாள். சிலர் கேட்டுக்கொண்டார்கள்.

டாக்டரை மனதாரச் சபிக்க மட்டும் அவளால் முடியவில்லை. அன்று பிரசவ மேஜையில் விடியும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர். அந்தக் கருணையும் பொய்தானா என்று கேட்டுப் பார்ப்பாள். பொய் இல்லை என்றுதான் தோன்றும். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.