சத்தம் கேட்டதும்

இன்று மதியம் பேருந்து விஸ்வநத்தம் தாண்டும்போது தூரத்தில் 'டம்' என்று ஒரு சத்தம். பேருந்திலிருந்த பெண்கள் அத்தனை பேரும் போனை எடுத்தார்கள்.

நான் எடுக்கவில்லை.

பக்கத்தில் இருந்த பெண் தன் மகளுக்குத் திரும்பத் திரும்ப போன் அடித்தாள். மகளுக்குப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கும் வேலையாம்.

"உள்ளே போன் கொண்டுபோக விடுவார்களா?" என்று கேட்டேன்.

"கேட்லயே வாங்கி வச்சிருவாகம்மா. அவளால எடுக்க முடியாதுன்னு தெரியும். அடிக்காம எப்படி இருக்க?"

பிறகு என் கையைப் பார்த்தாள். "உங்க வீட்டுல யாரும் பட்டாசு வேலைக்குப் போகலையாக்கும்?"

"இல்லை."

"கொடுத்து வச்சவுக."

"என் கணவரின் பென்ஷனில்தான் காலம் ஓடுகிறது" என்று விறைப்பாகச் சொன்னேன். அது அவள் காதில் விழவில்லை. மறுபடியும் அடித்துக்கொண்டிருந்தாள்.

கண்டக்டர் யாரிடமோ விசாரித்துவிட்டு, "கல்குவாரி வெடிதானாம்" என்றார். போன்கள் பைக்குள் போயின.

"இன்னைக்குக் குவாரி" என்றாள் அவள். முகத்தில் சிரிப்பில்லை.

யாராவது என்னைப் பணக்காரி என்றால், பென்ஷன்காரி என்று உடனே திருத்துவேன். இனிமேல் திருத்தக் கூச்சமாக இருக்கும். அந்தச் சத்தத்துக்குக் கைப்பையைத் திறக்கத் தேவையில்லாதவள் அந்தப் பேருந்தில் நான் ஒருத்திதான்.

உங்களில் எத்தனை பேர் என்னைப் போல் பணக்காரர்கள்?