கை நிற்காத மூட்டு

இரும்புத் தூள் நாக்கில் பட்டால் இரத்தத்தின் ருசிதான் தெரியும். பன்னிரண்டு வயதில், தொடர்ந்து மூன்று நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, ஒரு பழைய காரின் கூரைக்கும் குழாய்க்கும் நடுவில் இரண்டு விரல் மட்டும் போகிற இடுக்கில் கையை நுழைத்து அரம் போட்டவள் நான். அந்த ருசி இன்றைக்கும் சில காலைகளில் என் தேநீரில் வந்து போகிறது.

வாப்பாவுக்கு அலுவிகாரையில் பெரிய ரோட்டை ஒட்டி ஒரு வெல்டிங் கடை இருந்தது. கேட்டும் ஜன்னல் கம்பியும்தான் அவருடைய வேலை. மாத்தளையிலிருந்து நாவுல வரைக்கும் புது வீடு கட்டினவர்களில் பாதிப் பேர் அவருடைய கேட்டைத் திறந்துதான் உள்ளே போனார்கள் என்று நான் அளந்தால் அது மகள் அளப்பதுதான், ஆனாலும் ரொம்பப் பொய் இல்லை. இரும்பை இரும்போடு ஒட்டின இடத்தில் ஒரு மேடு எழும்பி நிற்கும். வாப்பா அதைக் கிரைண்டரால் அரைத்து, அரம் போட்டு, எமரித் தாளால் தேய்த்து, பெயின்ட் அடிக்கும் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலால் தடவிப் பார்ப்பார். விரல் எங்கேயாவது தட்டுப்பட்டு நின்றால் மறுபடியும் அரைப்பார். "மூட்டு தெரிஞ்சா அது வேலயே இல்ல" என்று அவர் சொல்வது கடைக்கு வருகிற எல்லோருக்கும் மனப்பாடம். எனக்கு அது ஓதிக் கொடுத்த பாடம் மாதிரியே மனதில் பதிந்திருந்தது.

எங்கள் பக்கத்தில் அண்ணனை 'நானா' என்போம். என் நானா என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். நாவுலயில் யாருடைய வளவிலோ பலா மரத்தடியில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த ஒரு பழைய ஜப்பான் காரை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து, கடைக்குப் பின்னால் நிறுத்தி, ஒரு வருஷம் அதோடுதான் குடித்தனம் நடத்தினார். எஞ்சினை இறக்கினார், ஏற்றினார், மறுபடியும் இறக்கினார். மலைப் பாதையில் மண்ணைக் கிளப்பிக்கொண்டு ஓடுகிற பந்தயத்துக்கு ஒரு தடவையாவது போய்விட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. உம்மாவுக்கு அந்தப் பேச்சே ஆகாது. கார் புரண்டாலும் கூரை நசுங்காமல் இருக்க உள்ளே குழாயால் கட்டுகிற ஒரு கூடு உண்டு என்று நானாவே ஒருநாள் வாய்விட்டுச் சொல்லப்போக, உம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "கூடு இல்லாம அந்தக் காரு ரோட்டுக்கு ஏறினா, நான் எங்க உம்மா வூட்டுக்குப் போயிருவேன், சொல்லிட்டேன்" என்றார்.

கண்டியில் அதைச் செய்து கொடுக்கிற ஆள் இருந்தார். வாப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எண்ட புள்ளக்கி இன்னொருத்தன் கூடு கட்டவா? நான் என்னத்துக்கு ஈக்கிறேன்?" என்று கேட்டார்.

அந்த நாட்களில் வீடு முழுக்கக் கூடுதான். தலைக்கவசம் போட்டுக்கொண்டு நானா ஓட்டும் இருக்கையில் உட்காருவார். அவர் தலைக்கும் தோளுக்கும் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று வாப்பா சோக்கால் கோடு போடுவார். குழாயை வெறுமனே வளைத்தால் நசுங்கிவிடும் என்பதால் அதற்குள் மணலை இறுக்கி அடைத்து, சிரட்டைக் கரியில் சிவக்கச் சுட்டு, பழைய லொறிச் சக்கரத்தைச் சுற்றி வளைத்தார்கள். மணலில் ஈரம் இருந்தால் வெடிக்கும் என்று வாப்பா சொன்னதால், உம்மா அரிசி மா வறுக்கிற பெரிய தாச்சியில் மணலை வறுத்துக் கொடுத்தார். அந்த மாதம் எங்கள் இடியப்பம் எல்லாம் நறநறவென்றுதான் இருந்தது. நானா அதை மென்றுகொண்டே சிரிப்பார்.

கடைசியில் ஒரேயொரு மூட்டு மிஞ்சியது. ஓட்டுகிறவர் தலைக்கு மேலே, முன்கண்ணாடியும் கூரையும் சேர்கிற மூலை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வெல்டிங் கம்பியை எப்படியோ நுழைத்து வாப்பா அதை ஒட்டிவிட்டார். ஆனால் கிரைண்டர் உள்ளே போகவில்லை. அவருடைய கையும் போகவில்லை. தடித்த மேடாக அது அப்படியே நின்றது. மற்ற மூட்டெல்லாம் கண்ணாடி மாதிரி இருந்தன.

"அது ஈக்கட்டும். மேல யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் வாப்பா.

அவர் வாழ்நாளில் ஒரு மூட்டை அப்படி விட்டதை நான் பார்த்ததேயில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. "எண்ட கை போகும் வாப்பா, நான் செய்றேன்" என்று அரத்தை எடுத்தேன். மூன்றாம் நாள் கண்ணை மூடித் தடவினேன். விரல் எங்கேயும் நிற்கவில்லை. எனக்குத் திருப்தி வரவில்லை. இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். வாப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இடுக்கில் ஒரு விரலை மட்டும் நுழைத்துத் தடவிவிட்டு, "சபாஷ் மகள், மூட்டே இல்லாத மாதிரி ஈக்கி" என்றார். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பந்தயம் நடத்துகிறவர்களின் சார்பில் காரைப் பார்க்க வந்த சிங்கள அதிகாரி ஒருவர் கூட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "ஹரி லஸ்ஸனய்" என்றார். மிக அழகு என்று அர்த்தம். அழகைத்தான் எல்லோரும் பார்த்தோம்.

பந்தயத்துக்கு முந்திய வாரம், கைவிடப்பட்ட ஒரு தோட்டத்து ரோட்டில் நானா பழகிப் பார்க்கப் போனார். ஒரு வளைவில் கார் சறுக்கி ரோட்டோர வடிகானில் இறங்கி ஒரே ஒரு தடவை புரண்டது. பெரிய வேகம்கூட இல்லை என்றார்கள் கூடப் போனவர்கள். குழாய் நசுங்கவில்லை. காரின் அடித்தட்டில் ஒட்டியிருந்த கூட்டின் கால்கள் அசையவில்லை. தலைக்கு மேலிருந்த அந்த மூலை மூட்டு மட்டும் விட்டு, குழாயின் நுனி உள்ளே இறங்கியிருந்தது. ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் நானா மவுத்தானார்.

இறந்தவருக்காக ஓதுகிற கத்தம் முடிந்த பிறகு, நானாவுக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் காரைப் பார்க்க வந்தார். கடைக்குப் பின்னால் காரைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். விட்டுப் போன மூட்டை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "ஒட்டினது சரியாத்தான் ஒட்டியிருக்குது. அந்த மேட்டுலதானே பலமே இருக்குது! அத ஒண்ணுமில்லாம அரைச்சு எடுத்திருக்காங்களே, யாரு செஞ்சது இது?" என்று கேட்டார்.

நான் கதவுத் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தான்" என்றார்.

அன்றிலிருந்து அவர் ஒரு மூட்டையும் அரைக்கவில்லை. கேட்டுகள் கொப்புளம் கொப்புளமாகப் போயின. "என்ன இது, புண்ணு மாதிரி ஈக்கி?" என்று பழைய வாடிக்கைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். வாப்பா "ஈக்கட்டும்" என்பதோடு சரி. ஆட்கள் மெல்ல வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். மணல் வறுத்த அந்தத் தாச்சியை உம்மா யாருக்கோ கொடுத்துவிட்டார். காரை யட்டவத்தயிலிருந்து வந்த பழைய இரும்புக்காரர் துண்டு துண்டாக வெட்டி ஏற்றிப் போனார்.

போன வருஷம் வாப்பா படுக்கையில் விழுந்தார். ஒரு பின்னேரம் நான் துணிந்து ஆரம்பித்தேன். "வாப்பா, அந்த மூலை மூட்டு... அது நான்..." என்றேன். அவர் கண்ணைத் திறக்காமல், "வாசக் கேட்டப் பூட்டினியா மகள்?" என்று கேட்டார். பூட்டினேன் என்றேன். "அப்ப சரி" என்று என் பெருவிரலைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்க இடம் கொடுக்காமலே போய்விட்டார்.

இப்போது கடை இருந்த இடத்தில் கைபேசி உறை விற்கிறார்கள். வழுவழுப்பான பழைய கேட்டுகளும் போய்விட்டன, அந்த வீடுகளில் தள்ளித் திறக்கிற அலுமினியக் கேட்டுகள் வந்துவிட்டன. மிஞ்சியிருப்பது எங்கள் வீட்டுக் கேட்டுதான், வாப்பா கடைசியாகச் செய்தது, மூட்டுக்கு மூட்டு மேடு. போன வாரம் பெயின்ட் அடிக்க வந்த இளைஞர் ஒருவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, பையிலிருந்து கிரைண்டரை எடுத்தார்.

"இதெல்லாம் அரைச்சு விட்டா நல்லா வரும் தாத்தா. அஞ்சு நிமிஷ வேல." எங்கள் பக்கத்தில் அக்காதான் 'தாத்தா'.

வேண்டாம் என்றேன்.

"ஏன், அசிங்கமா ஈக்கே?"

"ஒரு தடவ அரைச்சேன் தம்பி" என்றேன். "வாப்பா இல்ல. நான்தான் அரைச்சேன்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிரைண்டரைப் பைக்குள் வைத்துவிட்டு, பெயின்ட் டின்னைத் திறந்து கலக்க ஆரம்பித்தார்.