முதல் டம்ளர்

திருப்போரூரைத் தாண்டியதும் பஸ்ஸின் ரேடியேட்டரில் ஆவி கிளம்பிவிட, சாலையோரப் பள்ளிக்கூடத்தின் நிழலில் ஒதுங்குகிறேன். பின்னால், வாத்தியார் சொல்லித்தர ஊரார் சேர்ந்து கொத்திய பாத்தியில் தண்டுக்கீரை தளதளவென்று நிற்கிறது. அந்தக் கீரையும் வீட்டுக்கு வீடு கொடுத்த கேழ்வரகும் அடுப்பில் வேகின்றன. பக்கத்து அண்டாவில், அரசாங்கம் அனுப்பிய பால் பவுடரைக் கரைக்கிறாள் கன்னியம்மா. தாய்மார்கள் முறை வைத்துச் சமைக்கிறார்கள். இன்று அவள் முறை.

பிள்ளைகள் டம்ளரோடு வரிசையாகக் காத்திருக்கிறார்கள். சமைக்கிற தாய் முதலில் குடித்து, அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்த பிறகுதான் அவர்களுக்கு ஊற்றுவது இங்கே வழக்கமாம்.

"ஐயா, இது இன்னா மூட்டன்னு படிச்சிச் சொல்லுங்க" என்கிறாள் கன்னியம்மா.

கோணியில் பால் பவுடர் என்று இங்கிலீஷில் அச்சடித்திருக்கிறது. "பால்தான், பயப்படாதே" என்கிறேன் பெரிய மனிதனாக.

கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிறாள். வரிசையில் அவள் மகள் விசும்பத் தொடங்குகிறாள். கன்னியம்மா வாயைத் துடைத்துக்கொண்டு சொல்கிறாள்:

"கொசு மருந்தும் இந்தப் பவுடர் வெச்ச ரூம்லதான் கீது, அதுவும் வெள்ள மாவு. நேத்து அந்த மூட்ட கிழிஞ்சி, யாரோ வேற கோணில வாரிக் கொட்டிக்கீறாங்க. எந்தக் கோணின்னு ஒருத்தருக்கும் தெரில."

இன்னொரு டம்ளரை நிரப்பி என்னிடம் நீட்டுகிறாள்.

"பால்தான்னு நீங்கதான சொன்னீங்க. குடிங்க ஐயா."

பஸ் ஹாரன் அடிக்கிறது. டம்ளரை வாங்கிக்கொள்கிறேன். பிள்ளைகள் எல்லோரும் இப்போது என் முகத்தையே பார்க்கிறார்கள்.