தேதியை மட்டும் திருத்தினேன்

இன்று 17ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.

காலை பத்தேகாலுக்கு என் மகன் தன் மனைவியோடு ஈப்போவிலிருந்து பிரிஞ்சாங்கிலுள்ள என் வீட்டுக்கு வந்தான். உடம்பு எப்படி என்று கேட்பதற்கு முன்பே மேசைமீது ஓர் உயிலை வைத்தான்.

“சைன் போடுங்கப்பா. வீடு என் பேருக்கு. தங்கச்சிக்குத்தான் கல்யாணத்துலயே எல்லாம் செஞ்சாச்சே.”

அந்தத் தங்கையான என் மகள்தான் தேயிலைத் தோட்டத்து வேலை முடிந்து தினமும் வந்து எனக்குச் சோறாக்கிப் போடுகிறாள்.

உயிலில் 15ஆம் தேதி என்று இருந்தது. “இன்னிக்குப் பதினேழு. மாத்தாம சைன் வைக்க மாட்டேன்” என்றேன்.

“ரெண்டு நாள்தானே மாமா! இன்னும் கிராணி வேலைய விடலையா?” என்று மருமகள் சிரித்தாள்.

தேதியைத் திருத்திக் கையெழுத்திட்டேன். பக்கத்து வீட்டு லாரி ஓட்டுநரும் மருமகளும் சாட்சிக் கையெழுத்திட்டார்கள்.

“அவ்ளோதான் லா!” என்ற மகன், தேநீர்கூடக் குடிக்காமல் காரில் ஏறினான்.

தோட்ட அலுவலகத்தில் முப்பத்தோர் ஆண்டுகள் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன் நான். சொத்துப் பெறுபவரின் மனைவியே சாட்சியானால், உயில் வழியாக அந்தச் சொத்து அவரைச் சேராது என்பது இந்நாட்டுச் சட்டம். என் மனைவி உயிரோடு இல்லை. ஆகவே எனக்குப் பின் வீடு இரு பிள்ளைகளுக்கும் சரிபாதி.

அந்தப் பிழையை நான் திருத்தவில்லை.

மகன் என்னை முகநூலில் நண்பராகச் சேர்த்துக்கொள்ளவில்லை. இந்தப் பதிவை அவனுக்கு முதலில் அனுப்பிவைக்கப்போகும் புண்ணியவான் யார்? கீழே எழுதுங்கள். அவன் புதிய உயிலோடு வரும் நாளில் கையெழுத்துப் போட முடியாதபடி எனக்குக் கை நடுங்கும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.