அண்ணை பிடித்த கோட்டை

2024 பெப்ரவரி 6, செவ்வாய்க்கிழமை, காலை 10.20. நல்ல வெயில், வாடைக்காற்று. நயினாதீவிலிருந்து படகும் பஸ்ஸும் ஏறி யாழ்ப்பாணத்தில் ஒரு கணினிக் கடைக்குப் போயிருந்தேன்.

கனடாவில் நோயோடு இருக்கும் அண்ணையும் நானும் சனிக்கிழமைகளில் இணையத்தில் ஒரு போர் வியூக விளையாட்டு ஆடுவோம். அதை நடத்துவது என் வீட்டுக் கணினி; அதனோடு இணைந்துதான் அண்ணை ஆடுவார். அது இடையில் நின்று நின்று அவருக்கு வெறுத்துவிட்டது. "இன்னொருக்கா நிண்டா நான் வரமாட்டன்" என்றுவிட்டார். எங்களுக்குள் பேச்சு இருப்பதே அந்த இரண்டு மணி நேரம்தான்.

கடையிலிருந்த பெண்ணிடம் விலை கூடிய கிராபிக்ஸ் கார்ட் கேட்டேன்.

"விளையாட்டை நடத்துற கம்பியூட்டர் படம் காட்டத் தேவையில்லை ஐயா. எப்பெப்ப நிண்டது?"

எல்லாவற்றையும் குறித்து வைப்பவன் நான். கொப்பியை நீட்டினேன். வாசித்துவிட்டுச் சிரித்தாள்.

"நாலு தரத்திலை மூண்டு தரம் கரண்ட் போனதெண்டு நீங்களே எழுதியிருக்கிறியள்."

நிமிடக் கணக்கில் குறித்த நான் அதைக் கூட்டிப் பார்க்கவில்லை. குறைந்த மின்சாரத்தில் ஓடும் பழைய சின்னக் கணினிப் பெட்டி ஒன்றையும், கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் யுபிஎஸ்ஸையும் எடுத்து வைத்தாள்.

"விளையாட்டை இதிலை தனிய ஓடவிடுங்கோ. ரவுட்டரையும் யுபிஎஸ்ஸிலை கொழுவுங்கோ."

கிழவனென்று பழையதைத் தள்ளிவிடுகிறாளோ என்ற சந்தேகத்தோடுதான் வாங்கினேன்.

சனிக்கிழமை பின்னேரம் கரண்ட் போனது. நான் விளையாடும் கணினி அணைந்தது. சின்னப் பெட்டியின் பச்சை விளக்கு அணையவில்லை. பத்து நிமிடத்தில் போன் அடித்தது.

"டேய் தம்பி, உன்ர கோட்டையைப் பிடிச்சிட்டன்! ஏன்ரா ஒருத்தரையும் காவலுக்கு விடேல்லை?" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

அண்ணை அப்படிச் சிரித்து நான் கடைசியாகக் கேட்டது எப்போது என்று கொப்பியில் இல்லை. நான் சந்தேகப்பட்ட அந்தக் கடைப் பெண்ணின் பெயரும் இல்லை.

பெட்டி, யுபிஎஸ், பஸ், படகு எல்லாமாக 64,780 ரூபா.