மருமகளிடம் பேசிய குரல்

போன வருஷம் காளவாசல் வீட்டில், என் மருமகள் தினமும் செல்போனில் ஒரு ஆம்பளைக் குரலோடு இங்கிலீஷில் சிரித்துப் பேசுவாள். கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்த எனக்கு அது தப்பாகவே பட்டது. ஒருநாள் போனைப் பிடுங்கி, அரிசி ஊறிய தண்ணீரில் போட்டேன்.

“யாருடி அவன்?”

“ஆளே இல்ல அத்த. இங்கிலீஷ் கத்துக்குடுக்குற ஆப். நாம பேசுனா திருத்தும். இன்னும் அரைமணி நேரத்துல இந்தப் போன்லதான் வேலைக்கு இன்டர்வியூ.”

அவள் அழவில்லை. போனை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். அது உயிர் பெறவில்லை. வேலையும் போனது.

மகன் புதுப் போன் வாங்கித் தந்தான்.

“பேசிப் பழகுத்தா,” என்றேன்.

“இருக்கட்டும் அத்த.”

இப்போது அடுப்படியில் கிரைண்டர் சத்தம் மட்டும்தான். யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழகாதவள் நான். அவள் பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்துக் கொடுக்கிறேன். வாங்கிக்கொள்கிறாள்.